கணையாழியும் கைபேசியும்

“நீ யார்?”

இளைஞனைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க இன்று இரண்டு கூட்டத்தார் போட்டியிடுகின்றனர். ஒரு கூட்டத்தார் கையில் வேதப்புத்தகம் இருக்கிறது. மற்றொரு கூட்டத்தார் கையில் வரவு செலவுப் புத்தகம் இருக்கிறது. முன்னவர் பிரசங்க மேடையில் நிற்கின்றனர். பின்னவர் கலிஃபோர்னியாவின் கண்ணாடி மாளிகைகளில் அமர்ந்திருக்கின்றனர். கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதுதானே முறை? இவ்விரு கூட்டத்தாரும் காத்திருப்பதில்லை. பதிலையும் தாமே எழுதிக் கையோடு கொண்டு வந்துவிடுகின்றனர். இளைஞன் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி!

அண்மைக் காலமாக முதற் கூட்டத்தார், இரண்டாம் கூட்டத்தார்மீது சீறிப் பாய்கின்றனர். “பிள்ளைகளே, கைபேசி உங்களை விழுங்கிவிட்டது. எத்தனை லைக், எத்தனை பின்தொடர்வோர் என்று எண்ணி எண்ணியே உங்களை இழந்துவிட்டீர்கள். உங்கள் அடையாளம் அங்கே இல்லை, கிறிஸ்துவுக்குள் இருக்கிறது. வாருங்கள்!” என்று அழைக்கின்றனர். அமெரிக்கச் சபைகளில் இளைஞர் ஊழியம் செய்வோருக்கு இது இன்று அன்றாடப் பாடம். அங்கே அச்சேறும் நூலும் பாட்டும் காணொளியும் கப்பலேறாமலே நம்மூர் முகாம்களுக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. கேட்டுவிட்டு வரும் கல்லூரித் தோழர்கள் சிலர், “இதில் தவறென்ன? கைபேசியின் பிடியிலிருந்து விடுபட்டால் நல்லதுதானே?” என்கின்றனர்.

நியாயமான கேள்வி. நின்று நிதானித்தே விடை காண்போம்.

நோய் உண்மை, அதை மறுப்பதற்கில்லை. 2009 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம் ‘லைக்’ என்னும் பொத்தானைத் தன் தளத்தில் வைத்தது. உயர்த்திய கட்டைவிரல் ஒன்றின் சின்னஞ்சிறு படம்! ரோமாபுரிக் களரியில் மன்னன் விரல் அசையும் பக்கம் பார்த்து அடிமை வீரன் உயிரைக் கையில் பிடித்து நின்றான் என்று கதை படிக்கிறோம். இன்று பள்ளிவிட்டு வந்த சிறுமி, பையைக் கீழே வைக்குமுன் திரையைத் தடவிப் பார்க்கிறாள், விரல்கள் எத்தனை உயர்ந்தன என்று. இது தற்செயலாய் நேர்ந்த விபத்தா? இல்லை. பேஸ்புக்கின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டோம் என்று 2017 நவம்பரில் பொதுமேடையிலேயே ஒப்புக்கொண்டார். 2021இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற அம்மையார் அந்நிறுவனத்தின் உள்வீட்டு ஆவணங்களை வெளிக்கொணர்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க செனட் சபை முன் சாட்சியம் அளித்தார். உடலழகு பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்நோவை மேலும் வளர்த்தது என்று கூறியிருந்தனர். கூறியது யாரிடம்? அந்த நிறுவனத்தின் ஆய்வாளரிடமே! இலண்டனில் 2017இல் 14 அகவைச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் பார்த்த சமூக ஊடகப் பதிவுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று மரண விசாரணை அதிகாரி 2022இல் தீர்ப்புரைத்தார்.

ஆகவே, நோயைப் பற்றிப் போதகர் பேசும் வரையில் அவர் பேச்சில் பொய்யில்லை. மருந்தென்று நீட்டும் குப்பியைத்தான் நாம் வாங்கிப் பார்க்கிறோம். புதுக் குப்பிதான், மருந்து மட்டும் பழையது. அதை ஏற்கெனவே ஒரு தலைமுறைக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இன்ஸ்டாகிராம் பிறந்தது 2010இல். அதற்குப் 17 ஆண்டுகள் முன்னால், 1993இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஓர் இயக்கம் தோன்றிற்று. ‘உண்மைக் காதல் காத்திருக்கும்’ என்று பெயர். தோற்றுவித்தவர்கள் சதர்ன் பாப்டிஸ்ட் சபையார். அமெரிக்கப் புராட்டஸ்டண்டு சபைகளிலேயே மிகப் பெரியது அது. அடிமை வைத்திருப்பவன் மிஷனரி ஆகலாமா என்று எழுந்த சண்டையில், ஆகலாம் என்ற பக்கம் நின்று பிரிந்து 1845இல் பிறந்தது. அந்தப் பிறப்புக்கு மன்னிப்புக் கேட்க 1995 வரை, 150 ஆண்டு அவகாசம் எடுத்துக்கொண்டது. அத்தகைய சபைக்குத் திடீரெனப் பிள்ளைகளின் தூய்மை பற்றிக் கவலை பிறந்தது. ஓர் அட்டை அச்சிட்டார்கள். திருமணம் வரையில் கற்புடன் இருப்பேன் என்று கடவுளுக்கும் குடும்பத்துக்கும், இன்னும் கண்ணால் காணாத வருங்கால வாழ்க்கைத் துணைக்கும், பிறக்காத பிள்ளைகளுக்கும் கூட வாக்களித்துப் பள்ளிப் பிள்ளைகள் கையெழுத்திட வேண்டும். 1994 ஜூலையில் அத்தகைய அட்டைகள் 2 இலட்சத்துக்கு மேல் வாஷிங்டன் நகரத்துப் பெருந்திடலின் புல்வெளியில் நட்டு வைக்கப்பட்டன. நாடு பார்க்க! நாட்டை ஆள்வோர் பார்க்க!

அட்டைக்குப் பின் கணையாழி வந்தது. 1995இல் அரிசோனாவில் தோன்றிய ‘சில்வர் ரிங் திங்’ என்ற அமைப்பு, ஒளி விளக்கும் இசையும் முழங்கும் நிகழ்ச்சிகளில் பிள்ளைகளுக்கு வெள்ளி மோதிரம் அணிவித்தது. இதற்கு அமெரிக்க அரசின் கருவூலத்திலிருந்து பத்து இலட்சம் டாலருக்கு மேல் போயிற்று. மதப் பிரச்சாரத்துக்கு மக்கள் வரிப்பணமா என்று குடியுரிமைச் சங்கத்தார் 2005இல் வழக்குத் தொடுத்த பிறகே அந்த ஊற்று நின்றது. இங்கிலாந்துக்கும் மோதிரம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அணிய விடவில்லை என்று ஒரு மாணவி உயர்நீதிமன்றம் ஏறி 2007இல் தோற்றாள்.

பிள்ளைகள் விரும்பித்தானே கையெழுத்திட்டார்கள் என்பர். மண்டபத்தில் நண்பர்கள் எல்லாம் எழுந்து முன்னே நடக்கும்போது, 14 வயதுப் பிள்ளை தான் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்தினால் பதினோராவது விரல் தானே உயரும். அந்தச் சூத்திரத்தைக் கலிஃபோர்னியாக்காரன் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். எழுப்புதல் கூட்டங்களில் மேடைக்கு முன்னே வருமாறு மக்களை அழைக்கும் போதகருக்கு அது பாட்டன் காலத்துச் சொத்து.

பலன் என்ன? இங்கேதான் அறிவியல் நமக்குத் துணைக்கு வருகிறது. பீட்டர் பியர்மன், ஹன்னா புரூக்னர் என்ற சமூகவியல் அறிஞர் இருவர் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். உறுதி எடுத்தோரில் சிலர், எடுக்காதவரைவிடச் சற்றுக் காலம் தாழ்த்தினர் என்பது உண்மையே. அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் ஒரு விந்தை கண்டனர். ஒரு பள்ளியில் உறுதி எடுத்தோர் சிலராய் இருக்கும் வரைதான் அது நிலைக்கிறது. மிகப் பலர் எடுத்துவிட்டால் அதன் வலிமை கரைந்து போகிறது. ஏன்? கடவுளுக்கு அளித்த வாக்கானால், பக்கத்து இருக்கைக்காரனும் அளித்தானா இல்லையா என்பதால் அது ஏறவும் இறங்கவும் வேண்டியதில்லையே! ‘நான் மற்றவரைப்போல் அல்லன்’ என்று காட்டிக்கொள்ளும் முத்திரையாக அது இருந்தது. எல்லோர் சட்டையிலும் அதே முத்திரை ஏறியதும் மவுசு போய்விட்டது. இன்றைய பிள்ளை திரையில் தன் முகப்புப் படத்தை ஏன் அடிக்கடி மாற்றுகிறான் என்று கேட்கும் போதகருக்கு, அந்த 2001ஆம் ஆண்டு ஆய்விலே விடை இருக்கிறது.

அந்த ஆய்வு இன்னொன்றும் கூறிற்று: உறுதியை உடைத்தவர்கள் முதல் உறவின்போது கருத்தடைப் பாதுகாப்பைத் தேடியது குறைவு. தேடினால், முன்கூட்டியே நினைத்துச் செய்த பாவம் ஆகிவிடுமன்றோ! 2009இல் ஜேனட் ரோசன்பாம் என்பவர் நடத்திய ஆய்வு வெளிவந்தது. உறுதி எடுத்த பிள்ளைகளை ஐந்தாண்டு கழித்துக் கேட்டபோது, அவர்களில் 82 விழுக்காட்டினர், அப்படி ஓர் உறுதியே தாம் எடுத்ததில்லை என்றனர்! நூற்றுக்கு 82 பேரின் நினைவிலிருந்தே நழுவிவிட்ட, அல்லது நினைக்கவே அவர்கள் விரும்பாத ஒன்றை, நிலைத்த அடையாளம் என்று கூறி விரலில் மாட்டினார்கள்.

அந்த நாளில் இவ்வியக்கத்தின் இளம் எழுத்தாளர் ஜோஷுவா ஹாரிஸ். காதலர் பழகுவதே தகாது, நேரே திருமணம் நோக்கிப் பெற்றோர் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று 21 வயதில் எழுதி, 1997இல் வெளிவந்த அவர் நூல் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. பின்னர் மேரிலாந்தில் பெருஞ்சபை ஒன்றின் தலைமைப் போதகரும் ஆனார். படித்து வளர்ந்த பெண்களும் ஆண்களும் தங்கள் வாழ்வு என்னவாயிற்று என்று அவருக்கே எழுதத் தொடங்கினர். 2018இல், நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் கூறிவிட்டார். 2019 ஜூலையில், இனித் தாம் கிறிஸ்தவர் அல்லர் என்று அறிவித்தார். அறிவித்த இடம் எது? இன்ஸ்டாகிராம்! ஊரறிய மனம் மாறிய அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் அமெரிக்கக் காற்று சும்மா விடுமா? 2021இல், மதத்திலிருந்து விடுபட்டு வருவோருக்கு வழிகாட்டுவதாக 275 டாலர் விலையில் ஒரு பாடத்திட்டம் அறிவித்தார் அவர். கண்டனம் எழவே கைவிட்டார். கோயிலுக்குள் போகவும் சீட்டு, வெளியே வரவும் சீட்டு!

இந்த வரலாற்றில் நம் குருதியைக் கொதிக்கச் செய்யும் பக்கம் இனித்தான் வருகிறது. பிள்ளைகளின் அட்டைகளைத் திறந்த வெளியில் நட்டுவைத்தார்களே, அந்தச் சபையிடம் வேறொரு பட்டியலும் இருந்தது. 2019 பிப்ரவரியில் ஹூஸ்டன், சான் அன்டோனியோ நகரங்களின் இரண்டு நாளேடுகள் சேர்ந்து ஆராய்ந்து வெளியிட்டன: 20 ஆண்டுகளில் அச்சபையின் போதகர், பொறுப்பாளர், தொண்டர் எனச் சுமார் 380 பேர் பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்தனர், பாதிக்கப்பட்டோர் 700க்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பலர் சிறார். 2022 மே மாதம், சபையே அமர்த்திய புலனாய்வுக் குழு அறிக்கை தந்தது. நாஷ்விலில் உள்ள நிர்வாகக் குழு அலுவலகத்தில், குற்றம் சாட்டப்பட்ட 700க்கும் மேற்பட்டோர் பெயரைத் தொகுத்துப் பல ஆண்டுகளாக வைத்திருந்தனராம். வைத்திருந்தனர், சபைகளை எச்சரிக்கவில்லை. முறையிட வந்த பெண்களை அலைக்கழித்தனர்.

ஒரே நகரம். ஒரே சபை. 14 வயதுச் சிறுமியின் பெயர் எழுதிய அட்டை தலைநகரத்துப் புல்வெளியில்; அவளைத் தீண்டியவன் பெயர் எழுதிய தாள் அலுவலகத்து இழுப்பறையில்! தூய்மையைக் காக்கும் பொறுப்பை யார் தலையில் ஏற்றினார்கள், யாரை இறக்கிவிட்டார்கள் என்று இதற்குமேல் விளக்க வேண்டுமா?

‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலின் முதல் அதிகாரத்துக்குப் பெரியார் இட்ட தலைப்பு ‘கற்பு’. அந்தச் சொல் ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைமட்டும் பிடித்துக்கொண்ட சூதை ஈரோட்டிலிருந்து அவர் உடைத்துக் காட்டினார். டென்னசியில் அதே சரக்கு ஆங்கிலப் பெயரில் விற்பனையாயிற்று. ஒரு ரோஜாப் பூவைக் கூட்டத்தில் கைமாற்றிக் கைமாற்றிக் கசக்கவிட்டு, “இனி இதை யார் விரும்புவார்?” என்று பெண்பிள்ளைகளைக் கேட்பதும், மென்று துப்பிய சூயிங்கம்மை உவமை காட்டுவதும் அங்கே பாட முறைகள். இந்தப் பாடம் என்ன செய்யும்? எலிசபெத் ஸ்மார்ட் என்ற பெண் கூறுவதைக் கேளுங்கள். யூட்டா மாநிலத்து மார்மன் குடும்பத்துப் பிள்ளை. 2002இல் 14 வயதில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டு ஒன்பது மாதம் வதைபட்டவர். 2013இல் ஒரு கருத்தரங்கில் பேசினார்: அந்தச் சூயிங்கம் உவமையைப் பள்ளியில் கேட்டிருந்த தனக்கு, வன்கொடுமைக்குப் பின் தானும் மென்று துப்பப்பட்ட பொருளே என்று தோன்றியதாம், அப்படித் தோன்றியபின் ஒருத்தி தப்பி ஓட முயலாதது ஏன் என்று புரிந்துகொள்வது எளிது என்றார். கயிற்றால் கட்டியவன் ஒருவன். உவமையால் கட்டியவர் வேறொருவர்.

இப்போது கைபேசியின் மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். பாதிரியார் அதைக் கூறமாட்டார். இந்தப் பிள்ளைகள் வாய் திறந்தது எங்கே? கோயில் மேடை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2016இல் ‘எக்ஸ்வாஞ்சலிக்கல்’ என்றும், 2017 நவம்பரில் ‘சர்ச்டூ’ என்றும் ஹேஷ்டேக்குகள் கிளம்பின. எந்த ஊடகம் சிறுமிகளின் உடலை எடைபோட்டதோ, அதே ஊடகத்தில், எங்கோ ஒரு சிற்றூரில் தான் ஒருத்திதான் பாவி என்று எண்ணித் தலைகுனிந்திருந்த பெண், தன்னைப்போல் ஆயிரம் பேர் இருக்கக் கண்டாள். நிறுவனம் இதை எண்ணியா செய்தது? விளம்பரக் காசு எண்ணித்தான் செய்தது. ஆனால் அச்சு இயந்திரமும் முதலில் வேதப்புத்தகம் அடிக்கத்தான் பயன்பட்டது. பின்னர் அதே இயந்திரம் வால்டேரையும் அடித்தது.

ஆகவே, ‘கைபேசியைக் கீழே வை, கடவுளிடம் வா’ என்ற அழைப்பை மேலோட்டமாகக் கேட்டு மயங்கக் கூடாது. 2014 டிசம்பரில் ஓஹியோ மாநிலத்தில் 17 வயதுப் பிள்ளை ஒன்று உயிர் துறந்தது. ஆணெனப் பிறப்பில் எழுதப்பட்டு, பெண்ணெனத் தன்னை உணர்ந்த பிள்ளை. பெற்றோர் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். அவர்கள் என்ன செய்தனர் என்பதை அப்பிள்ளையே எழுதி வைத்தது: மாற்றிவிடலாம் என்று கிறிஸ்தவ ஆலோசகர்களிடம் அனுப்பினர்; பள்ளியிலிருந்து நிறுத்தினர்; கைபேசியையும் சமூக ஊடகத்தையும் பிடுங்கிக்கொண்டனர். கைபேசியின் அழுத்தத்திலிருந்து முழு விடுதலை! நண்பர் ஒருவரும் இல்லாத வீட்டில் கடவுளோடு தனித்து விடப்பட்ட விடுதலை! அந்த மடலை உலகம் படித்ததும் ஒரு சமூக ஊடகத் தளத்தில்தான். மாதங்கள் சில கடந்து, 2015 ஏப்ரலில், சிறாரை ‘மாற்றும்’ அத்தகைய சிகிச்சைகளுக்கு முடிவு கட்ட வேண்டும் என்று ஒபாமாவின் வெள்ளை மாளிகை அறிவித்தது. அதற்கு முன்பே, 1976 முதல் இந்த ‘மாற்றும்’ பணியைத் தலைமேற்கொண்டு நடத்திய ‘எக்சோடஸ் இன்டர்நேஷனல்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு, தான் விளைத்த துன்பத்துக்கு மன்னிப்புக் கேட்டு 2013இல் கதவை மூடிக்கொண்டது. மருத்துவரே மருந்தைக் கொட்டிவிட்டு ஓடிய பிறகும், அந்த ஓஹியோ வீட்டில் மருந்து புகட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது கிறிஸ்தவத்துக்குமட்டும் உரிய குறை என்று நாம் கூறவில்லை. எல்லா மதத்து வீடுகளிலும் உண்டு. 2021இல் மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் பெற்றோருக்கு அஞ்சிச் சென்னை வந்து, உயர்நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடினர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? இத்தகைய உறவைத் தாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் முன் தாமே மாணவராய் அமர்ந்து கற்றுக்கொண்டு, அதன் பிறகு தீர்ப்பு எழுதினார். பாலின ஈர்ப்பை ‘மாற்ற’ முயலும் மருத்துவம் கூடாதென்று அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் வந்த ஆணை கூறிற்று. நாட்டின் உயர்ந்த நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்திருப்பவர் ‘எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்’ என்கிறார். பீடத்திலிருந்து இந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

“கைபேசியின் பார்வை விலைபேசும் பார்வை, கடவுளின் பார்வையோ அன்புப் பார்வை. இரண்டும் ஒன்றா?” என்று பக்தர் கேட்கலாம். நாம் ஒரே ஒரு சோதனை வைக்கிறோம். நேற்று ஒரு கருத்துக் கொண்டிருந்த பிள்ளை, இன்று சிந்தித்து வேறு கருத்துக்கு வந்தால் அப்பிள்ளைக்கு என்ன நேர்கிறது? கைபேசி உலகில், மூன்றாண்டுக்கு முன் எழுதியதைத் தோண்டி எடுத்துச் சந்தியில் நிறுத்துகின்றனர். சபை உலகில், பின்வாங்கிப்போனவன் என்ற பெயர், பெற்றோரின் கண்ணீர், நண்பர்களின் விலகல், இறந்தபின் நரகம். அன்பு என்றால், மாறியவனையும் அது அதே தட்டில் உணவிட்டு உபசரிக்க வேண்டும். அப்படி உபசரிக்கும் கிறிஸ்தவத் தாய்மார் பலர் உண்டு, அறிவோம், வணங்குகிறோம். அவர்கள் தாயன்பால் அதைச் செய்கின்றனர்; சபை விதி அவர்களுக்கு அதைக் கற்றுத்தரவில்லை.

கைபேசியைக் கண்டிக்கும் கோயில், அந்தக் கைபேசியோடு கைகோத்து நடப்பதையும் பார்க்கிறோம். அமெரிக்கப் பெருஞ்சபைகளின் போதகர்கள் மேடையில் அணியும் காலணி என்ன விலை என்று தேடிப் பிடித்துப் போடுவதற்கென்றே 2019இல் இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு தோன்றிற்று. மலைப்பிரசங்கம் செய்தவர் வெறுங்காலோடு நடந்தாரோ இல்லையோ, இவர்கள் காலில் நூற்றுக்கணக்கான டாலர்! கத்தோலிக்கத் திருச்சபையோ 2025 ஜூலையில், மின்னுலக மிஷனரிகளையும் கத்தோலிக்க இன்ஃப்ளூயன்சர்களையும் ரோமாபுரிக்கு வரவழைத்து விழா எடுத்தது. செப்டம்பர் 7ஆம் நாள், கார்லோ அகுடிஸ் என்ற சிறுவனைப் போப் 14ஆம் லியோ புனிதர் என அறிவித்தார்.

அந்தச் சிறுவனைப் பற்றி நாம் ஏளனமாக ஒரு சொல்லும் கூறமாட்டோம். 15 வயதில், 2006இல், இரத்தப் புற்றுநோய்க்கு இரையான பிள்ளை. கணினியில் ஆர்வம்; நற்கருணை அற்புதங்கள் என்று நம்பப்பட்டவற்றைத் தொகுத்து ஒரு தளம் அமைத்தான். விளையாட்டுப் பெட்டிக்குக் கிழமைக்கு ஒரு மணி நேரம் என்று தானே அளவு வைத்துக்கொண்டான் என்று அவன் தாய் கூறியுள்ளார். அந்தப் பிள்ளையின் உடலை அசிசி நகரில் கண்ணாடிப் பேழையில், ஜீன்ஸ் காற்சட்டையும் விளையாட்டுக் காலணியுமாகக் காட்சிக்கு வைத்திருக்கின்றனர். செய்தி ஏடுகள் ‘கடவுளின் இன்ஃப்ளூயன்சர்’ என்று பட்டம் சூட்டின. இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு நான்காண்டு முன்பே மறைந்த பிள்ளைக்கு, திரையைத் தானாகவே அளந்து பார்த்த பிள்ளைக்கு, அந்தப் பட்டம்! உயிரோடிருக்கும் பிள்ளைகள்தான் பிறர் பார்வைக்காக வாழ்கின்றனர் என்று வருந்துகிறோம்; இறந்த பிள்ளைக்கும் அந்தக் கட்டாயம் வந்துவிட்டது.

இவ்வளவும் நாம் எழுதியதும் ஒரு கூட்டம் கைதட்டும். காவிக் கூட்டம்! “பார்த்தீர்களா, அந்நிய மதத்தின் யோக்கியதையை!” என்று நம் ஏட்டையே வெட்டி ஒட்டித் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுக்கு விடும். அவர்களுக்கும் சொல்லிவைக்கிறோம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்த கிரகாம் ஸ்டெயின்சையும் அவர் பாலகர் இருவரையும் வண்டியோடு கொளுத்திய கை உங்கள் பாசறையில் வளர்ந்த கை. 2008இல் கந்தமாலில் ஏழைக் கிறிஸ்தவர் குடிசைகள் எரிந்தன. வீட்டைக் கொளுத்துபவனுக்கு மதத்தை விமர்சிக்கும் தகுதி கிடையாது. தாக்கப்படும் கிறிஸ்தவன் பக்கம் நின்றுகொண்டே, அவனோடு நாம் வாதாடுவோம். வாதம் எங்களுக்கும் அவனுக்கும் இடையில். அதுமட்டுமன்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை உதறச் சொன்னது. தமிழன் பெயரின் வாலை அறுத்தான். அறுத்த வாலை இன்று ரீல்ஸில் ஒட்டவைத்து, அரிவாளும் பாட்டுமாய் ஆடவிடுகிறார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு அடையாளம் வழங்கியவர்கள் எந்தக் கோயில் ஆட்கள்? இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தனியே ஒரு கட்டுரையில் பார்ப்போம்.

இனி நம் தோழர்களுக்கு. இளைஞன் ஏன் அந்த முகாமுக்குப் போகிறான்? திரித்துவக் கொள்கை விளங்கிப் போகிறானா? விளங்கியவர் எத்தனை பேர்! மதத்தின் அடித்தளம் அச்சம் என்று 1927 மார்ச்சில் இலண்டன் பாட்டர்சீ மண்டபத்தில் பெர்ட்ரண்ட் ரசல் பேசினார். இன்றைய பிள்ளையின் அச்சம் நரக நெருப்பைப் பற்றியது அன்று. தனியாய் விடப்படுவது பற்றியது. முகாமில் யாரோ அவன் பெயர் சொல்லி அழைக்கின்றனர். கிதார் இசைக்கின்றனர். தேநீர் தருகின்றனர். ‘எப்படி இருக்கிறாய், தம்பி?’ என்று கேட்டுவிட்டு, அவன் பதில் கூறும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவனோடு பைபிள் முரண்பாடுகளை அடுக்கி வாதாடி வென்றுவிட்டுத் திரையில் நூறு லைக் வாங்கும் நம் தோழர், அவனை எங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தார்? ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகம் இருந்தது. முடிதிருத்தகத்தில் ஏடு படித்து நின்றோரிடையே விவாதம் நடந்தது. எதிர்க்கருத்துக்காரனும் அங்கே வந்து அமர்ந்தான். தோற்றால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். அவன் தோற்ற காட்சியை எவனும் படமெடுத்து ஊருக்கு அனுப்பவில்லை.

மன்றத் தோழர்கள் கிழமைக்கு ஒரு மாலை ஒதுக்கட்டும். வாசலில் ஒரு மரப்பெட்டி. கைபேசிகள் அதில் உறங்கட்டும். உள்ளே பாய் விரித்து, ஒரு நூலைப் பேசுங்கள், அல்லது வந்த பிள்ளைகளின் வீட்டுத் தொல்லைகளைப் பேசுங்கள். சென்ற கிழமை கூறிய கருத்தை மாற்றிக்கொண்டவர் யாரோ அவருக்கு முதலில் பேசும் உரிமை. மாற்றிக்கொண்டது நம் பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கானாலும் சரி, கேலி கூடாது. நாள் எது என்பதை உங்கள் ஊர் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். கிறிஸ்தவ நண்பர்களும் வர வேண்டும்.